கிளட்ச் மேல் ஒரு குற்றமும் இல்லை

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மூத்த மச்சான், கார் சீட் தைக்கிறவன், கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தாலும் மரியாதையில் ஒரு தையலும் விடாமல் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், என் வீட்டுக்காரி மூட்டுவலியோடு சுகம், உங்கள் சிவப்பு வண்டி எங்கள் ரெண்டு பேரையும்விட சுகம். அதுதான் இப்போ பிரச்சினை.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், வேறு வாய் வழியாக உங்கள் காதுக்கு வருவதற்குள். கிளட்ச் இறுக்கமா இருக்கு, பக்கத்து ஷெட் மெக்கானிக்கிடம் காட்டுங்கன்னு வண்டியை என் கடையில் விட்டுவிட்டுப் போனீர்களே, அன்றிலிருந்து தினமும் மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அதில் ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பதறாதீங்க, சாவி போடவில்லை, வாயால்தான். "ட்ர்ர்ர்" என்று கிளப்பி, கிளட்சை அமுக்கி, ஒண்ணு ரெண்டுன்னு ஆறு கியரும் போட்டு, உங்கள் கறுப்புக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு. முப்பது வருஷமா ஊரான் காருக்கெல்லாம் சீட் தைத்தவனுக்கு ஒரு காரும் ஓட்டத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரிந்த சங்கதிதானே. போன வாரம் ஒரு பெரிய வளைவில் நான் வேகமாகத் திரும்பிக்கொண்டிருந்தபோது மெக்கானிக் ஷட்டருக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்துவிட்டான். "அண்ணே, வளைவுல ஹாரன் அடிக்க மாட்டீங்களா?"ன்னான். எச்சில் தெறித்த ஸ்டியரிங்கை லுங்கியால் துடைத்துக்கொண்டு இறங்கினேன்.

இறங்கினவனிடம் அவன் சும்மா ஒரு கேள்வி கேட்டான். "கிளட்ச் எப்படிண்ணே இருக்கு?" நான், "வெண்ணெய்டா"ன்னேன். சொன்ன பிறகுதான் ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம்.

ஏன்னா மாப்பிள்ளை, அந்தப் பய மூணு மாசமா அந்த கிளட்சோடுதான் குடும்பம் நடத்துகிறான். முதல் நாளே சொன்னான், வேகமா போற வண்டிக்கு கிளட்ச் கொஞ்சம் கனமாத்தான் இருக்கும், இதுல கோளாறு ஒண்ணும் தெரியலைன்னு. நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சரின்னு கிளட்ச் ஆயிலை மாற்றி, குழாயில் இருந்த காற்றை எல்லாம் வெளியேற்றினான். நீங்க வந்து அமுக்கிப் பார்த்து, "இறுக்கம்தான்"ன்னீங்க. மேல் சிலிண்டர், கீழ் சிலிண்டர் ரெண்டையும் புதுசு போட்டான். "இறுக்கம்தான்." அப்புறம் கியர்பாக்ஸையே இறக்கி, பிளேட், பேரிங் என்று உள்ளே கைக்கு அகப்பட்டதை எல்லாம் மாற்றினான். ரெண்டு நாள் மல்லாந்து கிடந்து, ஒரு காதுக்குள்ளே கியர் ஆயில் போய், இன்னைக்கும் அந்தப் பக்கம் கூப்பிட்டால் திரும்ப மாட்டேங்கிறான். நீங்க வந்தீங்க, அமுக்கினீங்க, ரெண்டாவது கியர் போட்டீங்க, கரகரன்னு பல்லைக் கடிச்சது. "உனக்கு இந்தத் தொழில் எதுக்குய்யா?"ன்னு கேட்டுட்டுப் போனீங்க. அன்னைக்கு அவன் சாப்பிடலை.

அதனால் நாங்கள் ஒரு பரீட்சை வைத்தோம். அவன் உள்ளங்கையால் அமுக்கினான், அடிவரைக்கும் போச்சு. என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். அவளுக்கு ரெண்டு படி ஏறவே மூணு தடவை கடவுளைக் கூப்பிடணும். அவள் உட்கார்ந்து ஒரு மிதி மிதித்துவிட்டு, "இதுக்கா மூணு மாசம்? நீங்க ரெண்டு பேரும் என்னதான் வேலை பார்க்கிறீங்க?"ன்னு இறங்கிப் போய்விட்டாள். மெக்கானிக் சொன்னான், "அண்ணே, கிளட்ச் அடிவரைக்கும் அமுங்காம கியர் போட்டாத்தான் அப்படிக் கரகரங்கும். அவர் அடிவரைக்கும் அமுக்கலை." அமுக்கலையா, அமுக்க முடியலையான்னு யோசிச்சுக்கிட்டே நான் சீட்டுப் பக்கம் குனிஞ்சேன்.

அப்புறம்தான் நான் என் தொழிலைப் பார்த்தேன். உங்கள் சீட்டை நான்தான் தைத்தேன், பஞ்சு வைத்ததும் நான்தான், ரெண்டு ஓரமும் ஒரே உயரம். இப்போ வலது ஓரம் மட்டும் செத்துக் கிடக்கிறது. முதுகுப் பக்கம் வலது தோள் படுகிற இடத்தில் தோல் உரிந்திருக்கிறது. இடது கால் கேட்காமல், உடம்பையே வலப்பக்கம் சாய்த்து, முட்டுக் கொடுத்து, இடுப்பால் தள்ளினால்தான் சீட் அப்படி ஆகும். மனுஷன் வாய் ஆயிரம் சொல்லும் மாப்பிள்ளை, சீட் பொய் சொல்லாது. அது ஒரு வாரத்து வேலை இல்லை. ஒரு வருஷமாவது இருக்கும்.

அன்னைக்கு ராத்திரிதான் எனக்கு எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. உங்க இடது செருப்பு என் கடை வாசலில் மூணு தடவை கழன்று கிடந்ததே, நான் என்ன சொன்னேன்? "மாப்பிள்ளைக்குத் தரையில கால் படுறதில்ல, செருப்பு எதுக்கு"ன்னு சொல்லித் தெருவே கேட்கிற மாதிரி சிரிச்சேன். நீங்களும் சிரிச்சீங்க. வாசப்படியில் தடுக்கினப்போ, "படி அங்கேதான் இருக்கு, பத்து வருஷமா"ன்னேன். அதுக்கும் சிரிச்சீங்க. என் நாக்கில் ஊசி குத்த.

நேரில் சொன்னால் நான் கேலியாக்கிவிடுவேன், போனில் சொன்னால் நீங்க வைச்சிடுவீங்க, அதுதான் அஞ்சாங்கிளாஸ் படிப்பை நம்பிக் கடுதாசி. வண்டியில் மாற்றுவதற்கு இனி ஒரு ஆணிகூட பாக்கியில்லை. காலை ஒரு டாக்டரிடம் காட்டுங்க. நாளைக்கே. தங்கச்சியிடம் நானே பக்குவமாச் சொல்றேன், அது பாவம், ஒண்ணும் தெரியாத பொண்ணு. தாமதம் பண்ணாதீங்க, உங்க காலைப் பிடிச்சுக் கேட்கிறேன், அந்த இடது காலையே.

தங்கச்சிக்கு என் ஆசி. உங்களுக்கும் ஆசி, வயசில் மூத்தவன் என்ற ஒரே தகுதியில். அந்தக் காலுக்குத் தனியா ஒரு ஆசி.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

பின்குறிப்பு: உறையில் போடுவதற்குள் தங்கச்சி கடைக்கு வந்து, என் கையிலிருந்து பிடுங்கிப் படித்துவிட்டது. உங்களுக்கு ரெண்டு மாசமாகவே தெரியுமாம். முதுகில் நரம்பு நசுங்கியிருக்காம், செவ்வாய்க்கிழமை ஆபரேஷனாம், கால் பழையபடி வரும்னு டாக்டர் வாக்குக் கொடுக்கலையாம். "ஓட்ட முடியலைன்னு சொல்ல அவருக்கு வாய் வரலைண்ணே, கிளட்ச் மேல பழியைப் போட்டுட்டார். உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னார். இன்னும் என்னைக் கிண்டல் பண்றது மச்சான் ஒருத்தர்தான், தெரிஞ்சா அதுவும் நின்னுடும்னார்"னு சொல்லி அழுதது. ஆகவே மேலே எழுதினது எல்லாம் அடித்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், நொண்டி மாப்பிள்ளை. மெக்கானிக்கிடம் மட்டும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லுங்கள், நல்ல காதுப் பக்கம் நின்று.

செவ்வாய்க்கிழமை உங்கள் வண்டியில் உங்களை ஆஸ்பத்திரிக்கு நானே ஓட்டிக்கொண்டு போவதாக முடிவு செய்து, இன்று காலை சாவி போட்டுப் பழகத் தொடங்கினேன். இந்த வண்டியில் ரிவர்ஸ், முதல் கியருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. என் கடையின் பின்சுவர் இப்போது பின் வீட்டுக்காரர் துணி துவைக்கிற கல்லின் மேல் இருக்கிறது. கிளட்ச் நன்றாக வேலை செய்கிறது.