ஒன்றும் ஆகாததற்குக் கடலைமிட்டாய்

ஒன்றுமே ஆகவில்லை என்பதற்காக ஒரு பஸ் முழுக்க மிட்டாய் கொடுத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் எதிர்வீடு. பெரம்பலூர்–அரியலூர் பஸ்ஸில் கண்டக்டர். எதற்கெடுத்தாலும் "ரைட்டு" என்பதால் தெருவுக்கே அவர் ரைட்டு.

ரைட்டுக்கு டிரைவராகத்தான் ஆசை. கண் பவர் விடவில்லை. மூக்கின் மேல் இருப்பது கண்ணாடியா, பாட்டில் அடியா என்று சந்தேகம் வரும். மகள் நிலாவுக்கும் சின்ன வயதிலேயே கண்ணாடி வந்ததும் மனிதர் ஆடிப்போனார். தினமும் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் தெருமுனையில் அவளை நிறுத்தி, தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டைப் படிக்கச் சொல்வார்.

"ஜெயங்கொண்டம்ப்பா!"

அவருக்கோ அந்தத் தூரத்தில் போர்டே தெரியாது. துணைக்கு நிற்கும் என் பக்கம் திரும்புவார். "சரிங்களா சார்?"

சரியாகத்தான் இருக்கும்.

"ரைட்டு! பாப்பாவுக்குப் பவர் ஏறல!"

ஒருநாள் ஜெயங்கொண்டம் பஸ் வழியில் பஞ்சராகிவிட, அந்த நேரத்துக்குத் துறையூர் பஸ் வந்தது. நிலா அசராமல் "ஜெயங்கொண்டம்" என்றாள். குட்டு உடைந்தது. கண்டக்டர் மகளுக்கு பஸ் டைம் அத்தனையும் மனப்பாடம்.

"ஏன் பாப்பா இப்புடி?"

"தெரியலன்னா நீ சாப்புட மாட்டியேப்பா."

மறுநாளே திருச்சிக்கு ஓடினார். பவர் நன்றாகவே ஏறியிருந்தது. டாக்டர் புதுவிதமான லென்ஸ் ஒன்றை எழுதிக்கொடுத்தார்.

"ஏறுனது இறங்காதுங்க. இனிமே ஏறுற வேகத்தை இது குறைக்கும். நாள் பூரா போட்டிருக்கணும். வெளியில வெளிச்சத்துல நல்லா விளையாடணும்."

வந்தது வினை. நிலா தனியாக விளையாடுவாளா? ரைட்டு வீடு வீடாக விசில் அடித்தார்.

"எறங்கு, எறங்கு! கடைசி ஸ்டாப்பு!"

செல்போனோடு கட்டிலுக்கு அடியில் பதுங்கிய என் மகனும் தப்பவில்லை. தெருவில் அத்தனை பிள்ளைகளும் கறுத்துப்போனார்கள்.

அடுத்த வருஷம் மறுபடி பரிசோதனை. அதற்கு மறுநாள்தான் பஸ்ஸில் கடலைமிட்டாய்.

"என்னங்க விசேஷம்?" என்றார் ஒருவர்.

"பாப்பா கண்ணுக்கு ஒண்ணும் ஆகலைங்க! போன வருஷப் பவரு அப்புடியே நிக்குது!"

"இதுக்கா மிட்டாயி?"

"பின்ன? புடிங்க, இன்னொண்ணு!"

அன்று சாயங்காலம் தெருமுனையில் எந்த டைமிலும் சேராத திருவிழா ஸ்பெஷல் ஒன்று வந்தது. நிலா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிதானமாகப் படித்தாள்.

"ஏ... லாக்... குறிச்சி."

வழக்கம்போல் பதில் சொல்லத் தயாராக நின்றேன். ரைட்டு என் பக்கம் திரும்பவே இல்லை. மகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க முடியாது. அந்த மனுஷனைப் பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்குமே போர்டு மங்கலாகிவிட்டது.