ரவுட்டர் வாங்கப்போகிறவர்

ரவுட்டர் வாங்கியவர்களை உங்களுக்குத் தெரியும். ரவுட்டர் வாங்கப்போகிறவர் வேறு இனம்.

நம்மவர் நான்கு மாதமாக வாங்கப்போகிறார். பழைய ரவுட்டர் இருப்பது கூடத்தில். சிக்னல் கிடைப்பதோ சமையலறைத் தொட்டியருகே. எங்கெங்கே எவ்வளவு என்று அளந்து, வீடு முழுக்கத் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு எண் எழுதியிருக்கிறார். மனைவி தன் அக்காவோடு பேச ஏழாம் வட்டத்தில் ஒற்றைக்காலில் நிற்கவேண்டும். தரையைத் துடைக்கத் தடை.

மனிதர் சும்மா இருக்கிறாரா என்ன? நூற்றுப் பன்னிரண்டு மாடல்களுக்கு அட்டவணை போட்டார், ஆன்டெனாக்களை எண்ணினார், விமர்சனங்களைப் படித்தார், விமர்சனம் எழுதியவர்கள் வேறு எதற்கெல்லாம் எழுதினார்கள் என்றும் படித்தார், ஐந்து நட்சத்திரம் கொடுத்த ஒருவன் துடைப்பத்துக்கும் ஐந்து கொடுத்திருப்பதைக் கண்டுபிடித்து அந்த ரவுட்டரையே தள்ளிவிட்டார். வாங்கினாரா? அதுதான் இல்லை.

இதற்கிடையில் மகளுக்கு வியாழக்கிழமை பத்து மணிக்கு வீடியோவில் இன்டர்வியூ. படித்து முடித்து இரண்டு வருடம் கழித்து வந்த முதல் அழைப்பு.

"அப்பா, ஏதாவது ஒண்ணு வாங்கிடுங்கப்பா."

"ஏதாவது ஒண்ணா! அடுத்த மாசம் புது மாடல் வருதும்மா. இப்ப வாங்கினா ஏமாந்துடுவோம்."

"இன்டர்வியூ இந்த வாரம்பா!"

"தள்ளிவைக்க முடியுமான்னு கேட்டுப் பாரேன்."

வியாழக்கிழமை மகள் தொட்டியருகே ஒன்றாம் வட்டத்தில் உட்கார்ந்தாள். "வணக்கம்" என்றாள். வாய் திறந்தபடியே படம் உறைந்தது. லேப்டாப்பை வாரிக்கொண்டு பக்கத்து வீட்டுத் தையற்காரரிடம் ஓடினாள். அவர், கடைக்காரர் எடுத்துக் கொடுத்த ரவுட்டரை ஐந்தே நிமிடத்தில் வாங்கி வந்த அப்பாவி. நம்மவர் அவருக்காக மனமிரங்கியதுண்டு. இப்போது அவர் வீட்டு வாசலில் நாற்பது நிமிடம் நின்றார். வெட்கமாக இருந்தது.

"எடுத்துக்கிட்டாங்கப்பா! திங்கக்கிழமை சேரணும்!"

நம்மவருக்குக் கண் கலங்கிவிட்டது. மகளின் தலையைத் தடவிக் கொடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவரோட ரவுட்டர்ல எத்தனை ஆன்டெனாம்மா?"

"பாக்கலப்பா. வெள்ளையா இருந்துது."

"வெள்ளையா?"

உள்ளே ஓடினார். அட்டவணையில் நிறத்துக்கென்று பத்தியே இல்லை! நூற்றுப் பன்னிரண்டையும் மறுபடி முதலிலிருந்து பார்க்கவேண்டும். மனைவி வாளியும் துணியுமாக வந்து ஏழாம் வட்டத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தாள்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அந்தத் தையற்காரர் வாங்கியது எந்தக் கம்பெனி ரவுட்டர் என்று உங்கள் மனம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள் பார்ப்போம்.