சந்தனப் பொட்டு வைத்த கணினியும் என் நான்கு கேள்விகளும்

செனாவாங்
சனிக்கிழமை, மாலை

பேரன்புள்ள நீலாவதி அத்தை அவர்களுக்கு,

தங்கள் தம்பி மகள் திலகா வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அப்பா நலம். அம்மா நலம். என் கணினி நலம். நான் மட்டும் ஆறு நாளாகக் கோபத்தில் இருக்கிறேன். அங்கு தாங்களும் தர்மராஜ் மாமாவும் தங்கள் முழங்காலும் நலமா? கோலா கிளாவாங்கில் நல்ல மழை என்று கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி. மரியாதைப் பகுதி இத்துடன் முடிந்தது.

இதை வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாம். எழுதினால் அடுத்த நிமிடம் அது குடும்பக் குழுவில் இருக்கும். காகிதத்தை அப்படித் தட்டிவிட முடியாது. படம் எடுத்து அனுப்பலாமே என்று தாங்கள் இப்போது நினைப்பது எனக்குத் தெரியும். வேண்டாம்.

நாளைக்குள் பதில் சொல்லச் சொன்னீர்கள். இதை நாளைக் காலை அப்பா கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். ஹேமநாதனைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா இல்லையா. பதில் கடைசியில் இருக்கிறது. தயவுசெய்து முதலில் அங்கே போகாதீர்கள்.

நான் ஒரு விளையாட்டு விளையாடுகிறேன். தண்ணீரில் மூழ்கிய ஒரு நகரம். அதில் படகில் போக வேண்டும். பெயர் தங்களுக்கு வேண்டாம். சொன்னால் அதற்கும் ஜாதகம் கேட்பீர்கள். நான்கு வருடம் காத்திருந்து, போன வாரம்தான் வெளிவந்தது. அதில் ஒவ்வொரு மழைத்துளியும் தனித்தனியாக விழும். அந்தத் துளிகளுக்காகவே அது பலமான கணினி கேட்கிறது. என்னுடையதில் ஓடுகிறது. இரண்டு வருடம் பகுதி பகுதியாக வாங்கி நானே பூட்டிய கணினி.

இதை எல்லாம் நான் தங்களிடம் சொல்ல வந்தவள் அல்ல. தாங்கள்தான் ஆரம்பித்தீர்கள். தொலைபேசியில். "மாப்பிள்ள வீட்டுலயே கம்ப்யூட்டர் இருக்கு. ஒரு வீட்டுக்கு எதுக்கு ரெண்டு? பொண்ணு அவ்ளோ பெரிய பொட்டியத் தூக்கிட்டு வந்தா தோட்டத்துல சிரிப்பாங்க லா. உன்னோடத அங்கயே விட்டுட்டு வா."

அப்படியானால் அவருடையதில் என் விளையாட்டு ஓடுமா என்று கேட்டேன். இது கேட்கக்கூடாத கேள்வியா? குடிப்பழக்கம் உண்டா என்று கேட்கலாம். சம்பளம் கேட்கலாம். கழிவறை வீட்டுக்குள் இருக்கிறதா என்றுகூட அம்மா கேட்டார். இதைக் கேட்டால் மட்டும் எல்லோரும் கூரையைப் பார்க்கிறீர்கள்.

கடந்த ஞாயிறு மாப்பிள்ளை வீடு பார்க்கும் நாள். பெண் வரக்கூடாது என்றீர்கள். அந்த வீட்டில் வாழப் போவது நான். சரி. அப்பா, அம்மா, தாங்கள், மாமா. நான்கு பேராகப் போகக்கூடாது என்று தங்கள் பக்கத்து வீட்டு அம்மாவையும் ஏற்றிக்கொண்டீர்கள். அவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அவர் போகலாம். நான் போகக்கூடாது.

எனக்குப் பதிலாக ஒரு தாள் போனது. என்ன பிராசசர். ரேம் எவ்வளவு. கிராஃபிக்ஸ் கார்டு உண்டா. எவ்வளவு இடம் காலி. நான்கே வரி. அப்பா அதைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். தாங்கள் காடியில் ஏறிக் கதவைச் சாத்திய இரண்டாம் நிமிடம் அதை உருவிப் படித்துத் தங்கள் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டீர்கள். "கொணம் கேக்கல, குடி கேக்கல, இதப் போயிக் கேக்கப் போறானாம் என் தம்பி!" அறுபது வயதிலும் அப்பா தங்களுக்குத் தம்பிதான்.

அதன் பிறகு நடந்தது அனைத்துக்கும் என்னிடம் ஆதாரம் உண்டு. அம்மா கைப்பேசியில் பிடித்த பதினேழு நிமிடக் காணொளி. அதில் ஒன்பது நிமிடம் அம்மாவின் கட்டைவிரல். மீதி எட்டு நிமிடத்தை நான் இந்த வாரம் எத்தனை முறை பார்த்தேன் என்று எண்ணவில்லை.

கணினி கூடத்தில் இருக்கிறது. செம்பனைத் தோட்ட ஆபிஸில் கழித்துவிட்டதை வாங்கி வைத்திருக்கிறார்கள். மேலே பூப்போட்ட துணி, துணிமேல் பிளாஸ்டிக் ரோஜா. துணியைத் தூக்கினால் ஆயுத பூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும். ஒரு பொட்டு அல்ல, மூன்று பட்டை; அதுவும் காற்று வெளியேறும் துளைகளின்மேல், அப்பி, காய்ந்து. அப்பா கும்பிடுகிறார், மாமா கும்பிடுகிறார், பெயர் தெரியாத அம்மாவும் கும்பிடுகிறார், கும்பிட்ட பொருளைக் கேள்வி கேட்பது எப்படி என்று அப்பா தயங்கி, கையில் தாளும் இல்லாமல், "எம்மக ஒரு விளையாட்டு விளையாடுதுங்க, அது இதுல வருமா?" என்று கேட்க, மாப்பிள்ளையின் அப்பா சன்னாசி முப்பது வருடம் தோட்டத்தில் ஆட்களை வேலைவாங்கும் மண்டோராக இருந்த குரலில், "என்னாங்க இப்படிக் கேட்டுட்டீங்க? கோயில் திருவிழா நோட்டீசே இதுலதான் அடிச்சோம். ஒரு விளையாட்டு வராதா?" என்று சொல்ல, அப்பா வெட்கப்பட்டு, வெட்கத்தை மறைக்க அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்து, "நல்ல கனம். உள்ள சரக்கு இருக்கு" என்று அறிவிக்க, தாங்கள் "நான்தான் சொன்னேன்ல" என்று சொல்ல, இத்தனைக்கும் அதன் முன்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் காணொளியில் தெளிவாகத் தெரிகிறது, அத்தை, எட்டு ஜிபி, கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, பத்து வருடப் பழசு. விளையாட்டு கேட்பது பதினாறு ஜிபியும் ஒரு நல்ல கார்டும். அந்தக் கூடத்தில் இருந்த எட்டுப் பேரில் ஒருவர் குனிந்து படித்திருந்தால் போதும்.

கும்பிடக் குனிந்தீர்கள். படிக்கக் குனியவில்லை.

பிறகு போட்டுக் காட்டச் சொன்னார் மாமா. ஹேமநாதன் போட்டார். அது எழுந்திருக்கவே ஆறு நிமிடம். அதற்குள் அடுப்படியில் பஞ்சாலை என்கிற மாப்பிள்ளையின் அம்மா தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டிலையும் சோறு ஆக்கும் குக்கரையும் ஒன்றாகத் தட்டிவிட, வீடு முழுக்க மின்சாரம் டிரிப். விசிறி நின்றது. கணினி செத்தது. மகன் எண்ணெய் ஆலையில் மின் பராமரிப்பு வேலை பார்க்கிறார் என்பதை இங்கே நினைவூட்டுகிறேன். பஞ்சாலை உள்ளிருந்தே குரல் கொடுக்கிறார்: "அது தெனம் அப்படித்தாங்க. சோறு பொங்கிட்டுப் பொட்டியப் போடுவோம், இல்லன்னா பொட்டிய நிறுத்திட்டுச் சோறு பொங்குவோம்."

அதற்குத் தங்கள் பதில்: "பரவால்ல லா, கரண்டு இல்லாட்டியும் எவ்ளோ காத்து பாருங்க இந்த வீட்டுல!"

எனக்கு இதெல்லாம் கோபம் இல்லை, அத்தை. பழைய கணினி வைத்திருப்பது குற்றமா? கோபம் பதினான்காவது நிமிடத்தில். தாங்கள் ஹேமநாதனைப் பார்த்து, எல்லோர் முன்னிலையிலும், "தம்பி, நீயே சொல்லிடு. ஓடும்தானே?" என்று கேட்கிறீர்கள். அவர் கணினியைப் பார்க்கிறார். தங்களைப் பார்க்கிறார். நான்கு வினாடி. பிறகு தரையைப் பார்த்துச் சொல்கிறார்.

"ஓடும்."

அவருக்குத் தெரியும். நான்கு வினாடி எடுத்தவனுக்குத் தெரியாமல் இருக்காது.

தாங்கள் ஜெயித்துவிட்டீர்கள். அன்று மாலையே குடும்பக் குழுவில் அந்தக் கணினியின் படம். கீழே "எல்லாம் கேட்டாச்சு, எல்லாம் திருப்தி." நாற்பத்திரண்டு பேர் பூங்கொத்து அனுப்பினார்கள். எதற்கு என்று ஒருவருக்கும் தெரியாது. திங்கட்கிழமை தொழிற்சாலையில் என் சூப்பர்வைசர் கைகொடுத்தார். அவருக்கு எப்படிப் போனது?

புதன்கிழமை தங்களை அழைத்தேன். நினைவிருக்கும். "அது ஓடாது அத்தை" என்றேன். "ஓடலன்னா என்ன, கல்யாணத்துக்கு அப்புறம் யாரு விளையாடப் போறா?" என்றீர்கள். சிரித்தீர்கள். நான் வைத்துவிட்டேன்.

யார் விளையாடப் போகிறார்கள் என்றா கேட்கிறீர்கள்? நான்.

என் வேலை என்ன என்று தாங்கள் கேட்டதே இல்லை. கம்ப்யூட்டர் வேலை என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறீர்கள். நான் சர்க்கியூட் பலகைகளில் பழுது இருக்கிறதா என்று பார்ப்பவள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். உருப்பெருக்கும் கண்ணாடிக்கு அடியில் ஒன்று, அடுத்தது, அடுத்தது. பழுது இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர். அவ்வளவுதான். பலகைமேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. அது எதையும் ஒளிப்பதில்லை. ஷிப்ட் முடிந்து வந்தால் எனக்கு இரண்டு மணி நேரம். ஒரு படகு, ஒரு நகரம், மழை. யாரும் என்னிடம் எதுவும் கேட்காத இரண்டு மணி நேரம். அதை விட்டுவிட்டு வரச் சொன்னீர்கள். பதிலுக்கு அங்கே ஒன்று இருக்கிறது என்றீர்கள். இல்லை.

ஹேமநாதனை நான் ஒரு முறைதான் பார்த்தேன். இங்கே வந்தபோது. முறுக்கைத் தின்னாமல் தட்டிலேயே சிறிது சிறிதாக உடைத்துக்கொண்டிருந்தார். புறப்படும்போது அந்தத் தூளை எல்லாம் உள்ளங்கையில் கூட்டி வாயில் போட்டுக்கொண்டார். எனக்குப் பிடித்திருந்தது. இதைத் தங்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மண்டபம் பேசியிருப்பீர்கள்.

அதனால்தான் இவ்வளவு கோபம். "ஓடாதுங்க" என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் என் கணினியைத் தூக்கிக்கொண்டு நானே அந்தத் தோட்டத்துக்கு வந்திருப்பேன். யார் சிரித்தால் என்ன. ஒரு பழைய பெட்டி விஷயத்தில் உண்மை வராத வாயிலிருந்து, நாளைக்கு வேறு எந்த விஷயத்தில் வரும்? ஒவ்வொரு முறையும் நான் காணொளி எடுத்து ஸ்டிக்கர் படித்துக்கொண்டிருக்க முடியாது. அதைத் தொழிற்சாலையில் எனக்குச் சம்பளம் கொடுத்தே செய்யச் சொல்கிறார்கள்.

ஆகவே என் பதில்: வேண்டாம்.

மாமாவுக்கு என் வணக்கம். பெயர் தெரியாத அம்மாவுக்கும். தங்கள் முழங்காலுக்கு இனி ஓய்வு கொடுங்கள். என் விஷயமாக அது இதற்குமேல் படியேற வேண்டாம். கோபம் போகாவிட்டாலும் பாசம் போகாது.

இப்படிக்கு,
தங்கள் தம்பி மகள்
திலகா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரம், வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். ஹேமநாதன். புக்கிட் தங்கா மலைப்பாதை வளைவுகள் அத்தனையும் மழையில் இறங்கி வந்திருக்கிறார். பின் சீட்டில் அந்தக் கணினி, ரப்பர் கயிற்றால் கட்டி. மழைக்கோட்டைக் கணினிக்குப் போட்டிருந்தார். அவர் சொட்டச் சொட்ட நின்றார்.

"தப்பாச் சொல்லிட்டேங்க. இது ஓடாது" என்றார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"போன்ல சொல்லியிருக்கலாமே?"

"போன்லயும் ஓடும்னுதான் வாயில வரும் போல இருந்திச்சி. அதான் எடுத்துட்டு வந்துட்டேன். நீங்களே பாத்துக்குங்க."

"அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க?"

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே யோசித்தார். "உங்க அத்தை வாசல்லயே கேட்டாங்க. ஓடாதுன்னுதாங்க சொன்னேன். 'நல்ல காரியத்துல மொத வார்த்தையே இல்லன்னு வரக்கூடாது தம்பி, இப்பத்திக்கு ஓடும்னு சொல்லிடு, அப்பறம் பாத்துக்கலாம்'னாங்க. பெரியவங்க சொன்னாங்களேன்னு..."

அத்தை.

எங்கள் கூடத்தில் வைத்து ஒயர்களைப் பூட்டினோம். விளையாட்டை ஏற்றினோம். ஏற்றவே ஒரு மணி நேரம். பிறகு திரை கறுத்து, இந்தக் கணினி போதாது என்று ஒரு வரி வந்தது. "பாத்தீங்களா, ஓடல" என்றார், பரீட்சையில் தேறியவர் மாதிரி. என் கார்டைக் கழற்றி அதில் போட்டால் ஓடும் என்று அடுத்து ஒரு யோசனை சொன்னார். இதன் பவர் சப்ளை தாங்காது என்றேன். பெட்டியைத் திறந்து, டார்ச் அடித்து, குனிந்து, எழுத்து எழுத்தாகப் படித்தார்.

"ஆமாங்க. தாங்காது."

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அம்மா அவரை உட்கார வைத்திருக்கிறார். அப்பா எட்டிப் பார்த்து, "என்னம்மா, ஓடுதா?" என்று கேட்டார்.

"ஓடலப்பா. சரின்னு சொல்லிடுங்க" என்றேன்.

எனவே அத்தை, மேலே ஹேமநாதனைப் பற்றி எழுதியது அனைத்தும் ரத்து. தங்களைப் பற்றி எழுதியது அப்படியே நிற்கிறது. தேதி குறித்து அனுப்புங்கள். என் கணினியும் கூட வரும்.