கிட்டார் பெட்டிக்கு ஒரு பூட்டு

"இன்னையிலேருந்து இந்தப் பெட்டிய என்னைத் தவிர ஒருத்தரும் தொடக்கூடாது! தொட்டா நான் மனுஷனா இருக்க மாட்டேன்!"

சனிக்கிழமை காலையில், பல்லைக்கூடத் தேய்க்காமல், கிட்டார்க்காரர் இப்படி ஒரு பிரகடனம் செய்தார். இன்ஷூரன்ஸ் ஆபீசில் அவர் சாதாரண உதவியாளர்தான். குடியிருப்பில்தான் கிட்டார்க்காரர். எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பதால் கிடைத்த பட்டம் என்று அவர் நம்பினார். வாசிக்கிற நேரத்தைவிடக் கழற்றி மாட்டுகிற நேரம்தான் அதிகம் என்பது அக்கம்பக்கத்தார் அபிப்பிராயம்.

அவர் கொதித்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. கிட்டார் பராமரிப்பு என்றால் சும்மாவா? அதன் கழுத்துக்குள் ஓடுகிற இரும்புக் கம்பியைத் திருக ஆலன் கீ வேண்டும். விரல் பலகையில் வரிசையாகப் பதித்த ஃப்ரெட் பட்டைகளை மழமழப்பாக்கச் சின்ன அரம் வேண்டும். தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்க்க, மெல்லிய தகடுகளை விசிறிபோல் அடுக்கிய அளவுகோல் வேண்டும். கடை கடையாக ஏறி, பார்த்துப் பார்த்துச் சேர்த்து அந்தப் பெட்டியில் அடுக்கிய சாமான்கள். அவற்றை வைத்து மனைவி என்ன செய்தாள்? ஆலன் கீயால் சாப்பாட்டு மேஜையின் காலை முடுக்கினாள். அரத்தால் வாசல் சாவியைத் தேய்த்தாள். அளவுகோல் தகடால், அடிப்பிடித்த பால் பாத்திரத்தைச் சுரண்டினாள்!

"சுரண்டறதுக்கு வேற எதுவுமே கிடைக்கலையா உனக்கு?"

"கிடைச்சுது. ஆனா மூலைக்குள்ள இது மாதிரி போகல."

"அது அளவு பாக்கற தகடும்மா! முடி மாதிரி மெல்லிசு!"

"அதனாலதாங்க போகுது."

இவளிடம் என்ன பேசுவது? அவள் வேலை பார்ப்பது பல் செட் செய்கிற கூடத்தில். யாருடைய வாய்க்கோ போகிற பொய்ப் பல்லை உட்கார்ந்து ராவிக்கொண்டிருப்பவளுக்குச் சங்கீதத்தின் அருமை எங்கே தெரியப் போகிறது என்று அவர் பல்லைக் கடித்தார்.

அன்றைக்குக் கோபம் தலைக்கேற இன்னொரு காரணமும் இருந்தது. மறுநாள் சாயங்காலம் ஆபீஸ் ஆண்டு விழா. மேடையில் கிட்டார் அவர் கையில். ஆனால் கொஞ்ச நாளாகவே தலைப்பக்கம் முதல் சில ஃப்ரெட்டுகளில் விரல் வைத்தால் 'டர்ர்ர்' என்று ஓர் இரைச்சல். வாத்தியக் குழுவின் தலைவர், எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடும் காசாளர், முந்தின நாள் ஒத்திகையில் அத்தனை பேர் எதிரிலும் சொல்லிவிட்டார்: "சார், நாளன்னைக்கும் இப்படி டர்ருன்னுச்சுனா, கிட்டாரை நம்ம தாடிக்காரர்கிட்ட கொடுத்துட்டு நீங்க கிலுகிலுப்பையைப் பிடிச்சுக்குங்க."

கிலுகிலுப்பை! கைக்குழந்தை ஆட்டுகிற சாமான்! மேலதிகாரிகள் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கும் சபையில்!

இரைச்சல் வந்தால் எதுவோ லூசாக இருக்கிறது என்று அர்த்தம். லூசானால் முடுக்க வேண்டும். அவரும் தினம் கழுத்துக் கம்பியை முடுக்கோ முடுக்கு என்று முடுக்கினார். இரைச்சலும் நன்றாக வளர்ந்தது. சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து இதற்கொரு முடிவு கட்டுவது என்றிருந்தால், பெட்டியில் ஆலன் கீயைக் காணவில்லை. அது சாப்பாட்டு மேஜைக்கு அடியில் கிடந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் பிரகடனம்.

பெட்டிக்குப் பூட்டு போட்டார். சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். மனைவி சண்டைக்கு வருவாள், வந்தால் என்னென்ன கேட்கலாம் என்று மனசுக்குள் தயாராகவும் இருந்தார்.

"சரிங்க. நீங்க சொல்றதும் நியாயம்தான். இனிமே நான் தொடல," என்றாள் அவள்.

அவருக்குச் சப்பென்று போய்விட்டது.

கிட்டாரை மடியில் வைத்தார். உள்ளேயிருந்து குரல் வந்தது. "என்னங்க, குக்கர் கைப்பிடி ஆடுது. ஸ்க்ரூ டிரைவர் உங்க பெட்டில இருக்கு. நான் தொடக்கூடாது. கொஞ்சம் வர்றீங்களா?"

போனார். முடுக்கினார். வந்தார். உட்கார்ந்தார்.

"என்னங்க, குழாய் சொட்டுது."

"காலைலேருந்து அது நல்லாத்தானே இருந்துச்சு?"

"சொட்டிக்கிட்டுதாங்க இருந்துச்சு. இத்தனை நாள் நானே பாத்துக்கிட்டேன். இப்பதான் சட்டம் மாறிப் போச்சே."

குழாயடியில் அரைமணி. சட்டை நனைந்து எழுந்தால், வாசலில் மேல்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார். கையில் மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம், அதன் காது ஒரு பக்கம்.

"அம்மா, அந்தக் குட்டி ஸ்க்ரூ டிரைவரைக் கொஞ்சம் கொடேன். போன தடவை கொடுத்தியே?"

"ஐயோ மாமா, இப்பல்லாம் தர முடியாது. அவர் ரொம்பக் கண்டிப்பு. வேணும்னா ஒண்ணு பண்றேன், அவரையே அனுப்பி வைக்கறேன்!"

கிட்டார்க்காரர் வாயைத் திறப்பதற்குள் வாத்தியார் அவர் கையைப் பிடித்துவிட்டார். "வாங்க தம்பி, பெட்டியோட வாங்க. காலிங் பெல்லும் வேலை செய்யல. சால்டரிங் அயர்ன் இருக்கில்ல?"

கண்ணாடியை மாட்டிக்கொண்ட வாத்தியாருக்குக் கண் தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது. அலமாரிக் கீல் தெரிந்தது. ஆடுகிற நாற்காலி தெரிந்தது. "அப்படியே அந்த மிக்சியையும் ஒரு பார்வை பாத்துடுங்க தம்பி." அங்கிருந்து தப்பிக் கீழே வந்தால், படியிலேயே கீழ்வீட்டுத் தையல்கார அக்கா மறித்தாள். "உங்க வீட்டம்மா சொன்னாங்க, நீங்களே வந்து பாப்பீங்கன்னு. எவ்வளவு தங்கமான மனசுங்க உங்களுக்கு!"

தங்கமான மனசு தையல் மிஷினுக்கு அடியில் மல்லாந்து கிடந்தது. மனசுக்குள் வசவாக வந்தது. என்ன அநியாயம் இது! சொந்தப் பெட்டிக்குப் பூட்டு போட ஒருவனுக்கு உரிமை இல்லையா? போட்டால் ஊர் வேலையெல்லாம் அவன் தலையிலா?

வீடு திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. கையெல்லாம் கிரீஸ். முதுகு ஒரு பக்கமாக வளைந்துகொண்டது. இனிமேல் எங்கே ரிப்பேர்? கிலுகிலுப்பைதான். எதற்கும் கடைசியாக ஒருமுறை பார்ப்போம் என்று கிட்டாரை எடுத்து, ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, முதல் ஃப்ரெட்டில் விரலை வைத்து மீட்டினார்.

மணி அடித்த மாதிரி கேட்டது.

இரண்டாவது. மூன்றாவது. தலையிலிருந்து வால் வரை தடவிப் பார்த்தார். டர்ரைக் காணவே காணோம். ஃப்ரெட்டெல்லாம் விளம்பரத்துப் பல் மாதிரி பளபளத்தன.

"யார் தொட்டது இதை?"

"நான்தாங்க," என்றாள் மனைவி, துணியை மடித்தபடி. "பெட்டியத்தான தொடக்கூடாதுன்னீங்க? நீங்க முடுக்கி முடுக்கிக் கழுத்தைப் பின்பக்கமா வளைச்சு வச்சிருந்தீங்க. தந்தி துள்ள எடமில்லாம ஃப்ரெட்டுல இடிச்சுது. தளர்த்தி விட்டேன். நீங்க வீட்ல இருந்தா விட்டிருப்பீங்களா? அதான் மாமாகூட அனுப்பினேன்."

"உனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

"பல்லை ராவற கைக்கு ஃப்ரெட்டை ராவத் தெரியாதா? உங்க ஆபீஸ் தாடிக்காரர் கிட்டாரை மாசாமாசம் பாத்துக் குடுக்கறது யாருன்னு நினைச்சீங்க?"

"அவன் ஏதோ பெரிய கடையில கொடுக்கறேன்னான்!"

"அப்படிச் சொல்லச் சொன்னதே நான்தான். உங்க மனசு சங்கடப்படுமேன்னு."

ஆனாலும் அவர் விடுவதாக இல்லை. "பெட்டி என்கிட்ட. சாவி என் கழுத்துல. எதால தளர்த்தின? சொல்லு!"

அவள் துணி அலமாரியைத் திறந்தாள். புடவைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு துணிச் சுருளை எடுத்து விரித்தாள். ஆலன் கீ, அரம், தகடு என்று அத்தனையும் ஒன்றுவிடாமல் இருந்தன. அவருடையதைவிட ஒசத்தி ரகம். ஒன்றிலும் ஒரு கீறல் இல்லை.

இத்தனை நாள் அடக்கிய ஆத்திரமெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. "இவ்வளவையும் வச்சுக்கிட்டா குழாய்க்கும் குக்கருக்கும் என் சாமானை எடுத்த?"

அவள் நிஜமாகவே திகைத்துப் போய் அவரைப் பார்த்தாள்.

"பின்னே, அந்த மாதிரி வேலைக்கெல்லாம் நல்ல சாமானை எடுத்துக் கெடுக்கவாங்க முடியும்?"