நாடகத்தில் நான் விற்ற நெல்

மரியாதைக்குரிய மச்சான் குணசேகரன் அவர்களுக்கு,

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து இராஜாங்கம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கை அம்சவல்லி, பசுமாடு எல்லோரும் சௌக்கியம். என் மகன் பரிதிதான் நடிகனாகிவிட்டான். போனில் பேசினால் உங்கள் தங்கை காதில் விழும் என்று இதை எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். எப்படியாவது அவனைச் சிங்கப்பூருக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பழைய அரிசி மில்லில் இளம்பிள்ளைகளுக்காக ஊரே சேர்ந்து ஒரு கலைப்பள்ளி நடத்துகிறது. டிப்ளமோ முடித்தவன் வேலை தேடாமல் அங்கேயே கிடக்கிறான். நேற்று அவர்கள் நாடகம். பாதியில் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடுவது என்றுதான் முன்வரிசையில் உட்கார்ந்தேன். திரை விலகினால் நெல் கொள்முதல் நிலையம்! அதிகாரி வேஷத்தில் நம்ம பரிதி, கையில் ஈரம் பார்க்கிற மிஷின். எதிரே ஒரு பொண்ணு, தலையில் துண்டு கட்டிய விவசாயி. "ஈரம் ஜாஸ்தி, காயவச்சு எடுத்துட்டு வாங்க" என்கிறான். அந்தப் பொண்ணு வாயைத் திறக்காமல் மூட்டையைத் தூக்கப் போகுது மச்சான்! எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, மேடையில ஏறிட்டேன். "எங்க காயவைக்கிறது? உங்க மேசை மேலயா? மறுபடி வச்சுப் பாருங்க சார்!"னு கத்துறேன். பெத்த பிள்ளையைப் போய் சார்ங்கிறேன். பயல் அசரலை. "வரிசையில நில்லுங்க பெரியவரே"ங்கிறான். கீழே இருந்த சனம் பூரா "விடாதீங்கண்ணே, கேளுங்க"ன்னு எழுந்திருச்சிடுச்சு. நாடகம் சொல்லிக்கொடுத்த ஞானாம்பாள் டீச்சர் தலையில கைய வச்சு உட்கார்ந்துட்டாங்க. கடைசியில பரிதி மறுபடி மிஷினை வச்சுப் பார்த்து, "சரியாத்தான் இருக்கு, எடை போடுங்க"ன்னான். ஊரே விசிலடிச்சுது.

திரும்பி வரும்போது திட்டத்தான் வாயெடுத்தேன். அவன் முந்திக்கிட்டான். "போன அறுப்புல நீங்க ஒரு வார்த்தை கேக்காம மூட்டையைத் திருப்பி ஏத்துனீங்களேப்பா, அதைத்தான் நடிச்சோம். அந்தப் பொண்ணு நீங்கதான்." ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை மச்சான்.

ஆகையால் இந்தச் சகவாசம் அவனுக்கு ஆகாது. சீக்கிரம் டிக்கெட் போடுங்கள். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. தலைவலித் தைலம் கிடைத்தால் கொடுத்துவிடவும்.

இப்படிக்கு,
இராஜாங்கம்

பின்குறிப்பு: டிக்கெட் வேண்டாம். நாளைக்கு நிஜ நெல்லையே ஏத்திக்கிட்டுக் கொள்முதல் நிலையத்துக்குப் போறோம். அங்க எப்படிக் கேக்கணும்னு மாட்டுக்கொட்டகையில எனக்கு ஒத்திகை நடக்குது, பரிதிதான் அதிகாரி. என் குரல் எடுபடலையாம். உங்க தங்கச்சியையும் கூட்டிக்கிட்டுப் போறோம்.