கோல்ஃபில் பிழைத்துக்கொள்கிறேன், மாமா வர வேண்டாம்

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் அத்தையும் சுகமா என்று முதலில் விசாரிக்க வேண்டும், விசாரித்துவிட்டேன். உண்மையில் அதற்குத் தேவையே இல்லை. நேற்று அம்மா உங்களோடு போனில் முக்கால் மணி நேரம் பேசினாள். உங்கள் முழங்கால் வீக்கத்திலிருந்து உங்கள் வீட்டுக் குழாய் ஒழுகுவது வரை எனக்கு அத்தனையும் தெரியும். குழாய்க்கு வாஷர் மாற்றினால் போதும், ஆளைக் கூப்பிட்டுக் காசைக் கொட்டாதீர்கள். போனிலேயே சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் "மாமா" என்பதற்குள் நீங்கள் "டேய், முதல்ல நான் சொல்றதக் கேளு" என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்குக் கிடையாது.

எனக்கு வளைத்துப் பேசத் தெரியாது. பம்பு தொழிற்சாலைக்கு நான் திரும்பி வரப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து என்னைக் கையோடு கூட்டிப்போவதாக அம்மாவிடம் சொன்னீர்களாம். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு வர வேண்டாம். நான் கோல்ஃபில் பிழைத்துக்கொள்கிறேன்.

இப்போது கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு அத்தையிடம் தண்ணீர் கேட்டிருப்பீர்கள். குடித்துவிட்டு மேலே படியுங்கள். நீங்கள் அங்கே ஃபோர்மேன். நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தரப் பரிசோதனையில் வேலை கிடைத்தது, மறக்கவில்லை. போன மாதம் ஒரே நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு பம்புத் தண்டுகளை நான் தள்ளுபடி செய்ததும், மேனேஜர் வந்து "ஏம்பா, தண்ணி ஏறுதா இல்லையா?" என்று கேட்டதும், "ஏறும் சார், ஆனா என் மனசுக்குத் திருப்தியா ஏறாது" என்று நான் சொன்னதும், அவர் என்னை ஒரு மாதம் வீட்டில் 'ஓய்வு' எடுக்கச் சொன்னதும் உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு மாதம் வருகிற திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முடிகிறது. எட்டுக்கு நான் வாசலில் நிற்காவிட்டால் அந்த நாற்காலி வேறு ஆளுக்கு. "அவன் என் பொறுப்பு சார், கொண்டுவந்து நிறுத்துறேன்" என்று நீங்கள் மேனேஜரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த வாக்கைத் தயவுசெய்து திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம். காரணம் சொல்லாமல் கேட்டால் நீங்கள் ஒப்புக்கொள்ளமாட்டீர்கள் என்பதால் காரணத்தையும் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப்பக்கம் கோல்ஃப் மைதானம் என்பது நீங்கள் அறிந்ததே. லீவு விட்ட முதல் நாளே ஒரு பந்து பறந்து வந்து மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் குழாயை உடைத்தது. அப்பா, "போனாப் போகுது, குழாயை மாத்திக்கலாம்" என்றார். நான் விடவில்லை. பந்து எந்த இடத்திலிருந்து எந்தக் கோணத்தில் கிளம்பியிருந்தால் எங்கள் குழாயில் படும் என்று படம் வரைந்து, அடித்தவர் நின்ற இடத்தை ஒரு மீட்டருக்குள் துல்லியமாகக் குறித்து, அதை எடுத்துக்கொண்டு மைதானத்துச் செயலாளரிடம் சண்டைக்குப் போனேன். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, மட்டைக்குப் பிடி மாத்தத் தெரியுமா? மாத்திக்கிட்டு இருந்த ஆளு ஊரை விட்டுப் போயிட்டாரு" என்றார். தெரியும் என்றேன். அதுவரை நான் கோல்ஃப் மட்டையைத் தொட்டதுகூடக் கிடையாது. ஆனால் அதில் தெரிய என்ன இருக்கிறது மாமா? ஒரு குழாய். ஒரு முனையில் கனம், மறு முனையில் ரப்பர். சண்டைக்குப் போனவன் பதினாறு மட்டைகளோடு வீடு திரும்பினேன். குழாய்க் காசைக் கேட்க மறந்துவிட்டேன்.

ஆடத் தெரியாதவன் மட்டையைப் பழுதுபார்க்கக் கூடாது என்பது என் கொள்கை. மைதானத்தில் உறுப்பினராகச் சேர நம்மால் முடியாது. அதனால் கோல்ஃபை வீட்டு வாழ்க்கைக்குள் கொண்டுவந்தேன். வாசலிலிருந்து குளியலறை வரை போகும் எங்கள் வீட்டு நடையின் நீளம் ஐந்து மீட்டர் இருபது. குளியலறைக் கதவோரம் ஒரு டம்ளரைச் சாய்த்துவைத்து, வாசலிலிருந்து பந்தை உருட்டி அதற்குள் தள்ள வேண்டும். தினம் நூறு தடவை. பல் தேய்க்கும்போது இருபது, பால் பொங்கக் காத்திருக்கும்போது பத்து, போன் பேசும்போது முப்பது. (போன வாரம் நீங்கள் திட்டிக்கொண்டிருந்தபோது டொக் டொக்கென்று கேட்டது அதுதான்.) நடை குளியலறைப் பக்கம் ஒன்பது மில்லிமீட்டர் சரிகிறது என்பதை முதல் நாளே கண்டுபிடித்தேன். டம்ளரைத் தப்பிய பந்தெல்லாம் நேரே உள்ளே போய், குளித்துக்கொண்டிருக்கும் அப்பாவின் காலடியில் நிற்கும். "யாருடா அது?" என்று கேட்பார். இரண்டு நாளில் கேட்பதை விட்டுவிட்டார். குளித்து முடித்ததும் பந்துகளைத் துடைத்து வாளியில் போட்டு எடுத்துவருவார். பேப்பர் படிக்கும்போது பந்து உருளும் சத்தம் கேட்டால், பார்வையைத் தூக்காமலே இரண்டு காலையும் தூக்கிக்கொள்வார்.

நூற்றுக்கு முப்பத்தொன்று என்ற அளவுக்கு நான் முன்னேறியிருக்கிறேன். அம்மா துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடையைக் கடக்கும்போதெல்லாம் வழியில் கிடக்கும் பந்தைச் சுவரில் சாத்திய மட்டையால் ஒற்றைக் கையில் தட்டிவிட்டுப் போவாள். அது டம்ளருக்குள் போய் விழும். "எப்படிம்மா?" என்றால், "வழில கிடந்துச்சு, தட்டிவிட்டேன்" என்பாள். தற்செயல்தான். தொடர்ந்து பதினொரு தடவை நடந்த தற்செயல்.

பிடி மாற்றும் வேலை நன்றாகவே ஓடியது. மூன்றாவது வாரம் பல் டாக்டர் ஒருவரின் மட்டை வந்தது. கடைசியில் பந்தைக் குழிக்குள் உருட்டிவிடுவார்களே, அந்த உருட்டு மட்டை. பிடி மாற்றிவிட்டு, பழக்கதோஷத்தில் அதன் தலையை அளந்து பார்த்தேன். மூன்றரை டிகிரி கோணல்! மாமா, நீங்களே சொல்லுங்கள், கண்ணெதிரே மூன்றரை டிகிரி கோணலைப் பார்த்துவிட்டு ஒரு மனிதன் சோறு தின்ன முடியுமா? பட்டறை வைஸில் பூட்டி, நெம்பி, நிமிர்த்தி, சரியாகப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, அதற்குக் காசுகூடப் போடாமல் அனுப்பிவைத்தேன். நாலாம் நாள் காலை வாசலில் டாக்டர்.

"யாருய்யா இங்க இன்ஜினியரு?"

"நான்தான் சார்."

"என் மட்டைய என்னய்யா பண்ணின?"

"நிமிர்த்தினேன் சார். கோணலா இருந்துச்சு."

"உன்கிட்ட யாரு கேட்டா? பிடிதானே மாத்தச் சொன்னேன்!"

"அது இலவசம் சார்."

"இலவசமா! பதினாலு வருஷமா என் மச்சான் என்கிட்ட தோத்துக்கிட்டு இருந்தான்யா. வருஷத்துக்கு ஒரு ஆட்டம், வருஷா வருஷம் தோப்பான், வாயைப் பொத்திக்கிட்டுப் போவான். நேத்து ஜெயிச்சிட்டான்! ஜெயிச்சிட்டு என் வீட்டு சோபாவுல வந்து உக்காந்தவன் இன்னும் எந்திரிக்கல. என் பொண்டாட்டி அவனுக்கு ரெண்டாவது காபி கொண்டுவந்து குடுக்கிறா. எனக்கு முதல் காபியே இன்னும் வரல!"

நான் உள்ளதைச் சொன்னேன். "சார், மட்டை இப்ப பூஜ்யம். அதுல ஒரு குறையும் இல்ல. அப்ப கோளாறு உங்ககிட்டத்தான்." இதில் கோபப்பட என்ன இருக்கிறது? ஆனால் அவர் முகம் ஈறு மாதிரி சிவந்துவிட்டது. மைதானம் முழுக்கச் சொல்லி என் பிழைப்பில் மண்ணைப் போடுவதாகக் கத்தினார். அந்தச் சத்தத்தில், தையல் அறையிலிருந்து உங்கள் அக்கா எழுந்து வந்தாள். கழுத்தில் அளவு நாடா, உதட்டிடுக்கில் நாலு குண்டூசி. ஊசிகளை எடுத்து முந்தானையில் குத்திக்கொண்டு, டாக்டரைத் தலையிலிருந்து கால் வரை ஒரு பார்வை பார்த்தாள்.

"டாக்டர், கொஞ்சம் நில்லுங்க. நிமிராதீங்க, சட்டைக்கு அளவு குடுக்கிற மாதிரி சும்மா நில்லுங்க."

அவ்வளவு கத்தியவர் அப்படியே நின்றார். அம்மா தோளுக்குத் தோள் நாடா வைத்தாள்.

"வலது தோள் ரெண்டு விரல் எறக்கம். எந்தப் பக்கம் நின்னு பல்லு புடுங்குவீங்க?"

"வலது பக்கந்தாம்மா."

"எத்தனை வருஷமா?"

"முப்பத்தாறு."

"பின்ன?" என்று என் பக்கம் திரும்பினாள். "அவரு சாய்ஞ்சிருக்கிற அளவுக்கு மட்டையும் சாய்ஞ்சிருந்திருக்கு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அனுசரிச்சுப் போயிருக்கு. ஏன்டா, தோள் எறங்கியிருந்தா சட்டையத்தான் எறக்கி வெட்டுவோம். ஆளைப் புடிச்சு இஸ்திரியா போடுவோம்?"

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் தர்க்கத்தில் ஓட்டையும் கிடைக்கவில்லை. சரி, பழைய அளவு நோட்டில் இருக்கிறது, மூன்றரைக்கே வளைத்துத் தருகிறேன் என்றேன். "அது பழைய டாக்டருக்கு. இப்ப இன்னும் சாய்ஞ்சுட்டாரு" என்றாள் அம்மா. டாக்டரை நடையில் நிறுத்தி உருட்டச் சொன்னாள். அவர் உருட்டுவார், அம்மா அவர் தோளையே பார்ப்பாள், நான் மட்டையைப் பூட்டி நெம்புவேன். "இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரு தையல். போதும்." தையல் என்பது கோணத்துக்கான அளவு கிடையாதே என்று கேட்டேன். "போதும்னா போதும்" என்றாள். டாக்டர் உருட்டினார். டம்ளர். மறுபடி உருட்டினார். டம்ளர். ஐந்தாவது தடவையும் விழுந்ததும் அவர் மட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, "அம்மா, இத முப்பது வருஷம் முன்னாடி சொல்லியிருந்தா நான் இடது பக்கமும் நின்னு புடுங்கியிருப்பேன்" என்றார். பிறகு ரகசியமாக அளந்தேன். நான்கு புள்ளி இரண்டு டிகிரி.

அந்த வாரமே மச்சானை மறு ஆட்டத்துக்கு இழுத்துப்போய் ஜெயித்தார். மறுநாள் காலை மச்சானே எங்கள் வாசலில் நின்றார். மரக்கடைக்காரர்; நாற்பது வருடம் இடது தோளில் பலகை சுமந்தவர். "எனக்கும் ஒரு கோணல் போட்டுக் குடுங்கம்மா" என்றார். போட்டுக் கொடுத்தோம். இப்போது மச்சான்கள் இருவரும் சரிசமம், சோபாவும் காலி. அதற்குப் பிறகு கேட்கவே வேண்டாம். கரும்பலகைக்கும் பிள்ளைகளுக்குமாகத் திரும்பித் திரும்பிக் கழுத்து ஒரு பக்கமே நின்றுவிட்ட வாத்தியார், கல்லாவில் ஒருக்களித்தே உட்காரும் நகைக்கடை முதலாளி என்று தினம் மூன்று நாலு பேர். தையல் அறையில் ஒரு பக்கம் தைக்கக் கொடுத்த ரவிக்கைகள், மறு பக்கம் வளைக்கக் கொடுத்த மட்டைகள். மாமா, இப்படி ஒரு தொழில் எங்குமே கிடையாது. இந்த மாதம் என் சம்பளத்தில் முக்கால் பங்கு வந்துவிட்டது. அடுத்த மாதம் சம்பளத்தைத் தாண்டும்.

இதில் மூளை என்னுடையது. அம்மா ஒத்தாசைக்கு இருக்கிறாள், அவ்வளவுதான். அவள் "ஒரு தையல்" என்று சொல்வதை டிகிரியில் மாற்ற ஓர் அட்டவணை தயாரித்துக்கொண்டிருக்கிறேன். அது முடிந்ததும் அவளுக்கு ஓய்வு கொடுத்துவிடலாம். ஆகவே திங்கட்கிழமை என் நாற்காலியை யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துக்கொள்ளட்டும். உங்கள் வாக்குத் தவறுவதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் இருபத்தாறு வயதில் ஒருவன் சொந்தக் காலில் நிற்பதை எந்த மாமாவும் தடுக்கமாட்டார் என்று நம்புகிறேன். மேனேஜரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். என்னைச் சொல்லவிட்டால் எப்படிச் சொல்வேன் என்று உங்களுக்கே தெரியும்.

அத்தைக்கு என் வணக்கம். சின்னவளுக்கு ஒரு பழைய கோல்ஃப் பந்து தனியே அனுப்புகிறேன், விழுங்காத வயதுதானே? உங்கள் முழங்கால் விரைவில் மடங்கி நிமிர வேண்டும். எனக்கு உங்கள் ஆசி வேண்டும், திட்டோடு சேர்த்து அனுப்பினாலும் சரி.

இப்படிக்கு,
உங்கள் சொல்லைக் கேட்காத, ஆனால் மரியாதை குறையாத
மருமகன்

பி.கு.: தபாலில் போடச் சொல்லி இதை அம்மாவிடம் கொடுத்தேன். ஒட்டியதைப் பிரித்து, தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே முழுக்கப் படித்துவிட்டாள். "ஒத்தாசையா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நான் எதையும் மறைப்பவன் அல்ல: "வர்றவங்க எல்லாரும் 'அம்மா இருக்காங்களா'ன்னுதான்டா கேக்கிறாங்க. 'அந்தத் தம்பி எப்ப வெளிய போவாரு'ன்னும் கேக்கிறாங்க. நேத்து அந்த வாத்தியாரை நீ நிக்கவச்சு, கழுத்துல எத்தனை டிகிரி கோளாறுன்னு அளந்து காட்டினியா, மனுஷன் நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாரு. மட்டையப் பூட்டி நெம்புறதுக்கு உங்க அப்பா போதும். நிறுத்துன்னா நிறுத்துறாரு, உன்ன மாதிரி ஏன்னு கேக்கிறதில்ல. அடுத்த வாரத்துல இருந்து காலைல நாலு பேருக்கு நான் உருட்டவும் சொல்லித்தரப் போறேன், நடை எனக்கு வேணும். நீ மரியாதையா வேலைக்குக் கிளம்பு." அப்பாவைப் பார்த்தேன். காலைத் தூக்கிக்கொண்டார்.

எனவே மேலே எழுதியதில் முதல் நலம் விசாரிப்பைத் தவிர மற்றதை ரத்து செய்துகொள்ளவும். திங்கட்கிழமை எட்டு மணிக்கு வாசலில் நிற்கிறேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தாராளமாக வரலாம், ஆனால் பதினொரு மணிக்கு மேல் வரவும். அதற்கு முன்னால் அம்மாவுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். கூடப் பிறந்த தம்பியே ஆனாலும் சொல்லிவிட்டுத்தான் வரவேண்டுமாம். வரும்போது எந்த முழங்கால் என்று சரியாகச் சொல்லச் சொன்னாள், அதற்கேற்ற மட்டை எடுத்துவைக்க வேண்டுமாம்.