மாடி வீட்டுப் பெண்ணின் சந்தேகங்கள்

"உயர்கணிதம் எடுத்திருக்கேம்பா" என்று சின்னு சொன்னதும் அப்பாவின் முகம் பளிச்சென்றானது. அதைக் கெடுக்க மனம் வராமல் போனதுதான் வம்பு.

உண்மையில் அவள் விருப்பப் பாடமாக எடுத்திருந்தது திரைப்பட ரசனை. விளக்கை அணைத்துவிட்டுப் படம் போடுவார்கள். பரீட்சை கிடையாது. முக்கால்வாசி நாள் வந்து உட்கார்ந்தால் பாஸ். அந்த வகுப்பில் இதுவரை ஒருவரும் தோற்றதில்லை. கல்லூரியில் கால் வைத்த முதல் வாரமே தலையைப் பிய்த்துக்கொள்வானேன் என்று நினைத்துவிட்டாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். "ஊரையே மேல ஏத்தி விடுறேன், என் பொண்ணு மட்டும் கீழயே நிக்கலாமா?" என்று கேட்டுக் கேட்டே அவளை வளர்த்தவர். மறுநாள் முதல் எந்த லிஃப்டில் ஏறினாலும் கூட வருபவர்களிடம் மகளின் உயர்கணிதத்தைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். பாவம், நடுவழியில் அவர்களால் இறங்கி ஓடவும் முடியாது.

பலன் மூன்றாம் நாளே வந்தது. வேறு கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும் மாடி வீட்டுப் பெண், நோட்டும் பேனாவுமாக வந்து நின்றாள். கணக்கில் ஒரு சந்தேகமாம்.

சின்னு தலைவலி என்றாள். மறுநாள் அந்தப் பெண் மாத்திரையோடு வந்தாள். முதலில் நீயே முயற்சி செய் என்று அனுப்பினால், அடுத்த நாள் ஒரு சந்தேகம் மூன்றாகப் பெருகித் திரும்பியது. அப்பா வேறு பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டு பெருமை பொங்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு வழியில்லாமல் உயர்கணித வகுப்பின் கடைசி பெஞ்சில் போய்ப் பதுங்கினாள். விடை கிடைத்ததும் நழுவிவிடுவதாகத் திட்டம். ஆனால் அந்த விடை புரிய முந்தின பாடம் தேவைப்பட்டது, அது புரிய அதற்கும் முந்தினது. திரைப்பட ரசனை வகுப்பில் படம் ஓடியதும் சரியாக அதே நேரத்தில்தான். நான்காம் வாரம் வருகைக் குறைவுப் பட்டியல் ஒட்டினார்கள். திரைப்பட ரசனையில் ஒரே ஒரு பெயர் இருந்தது. அது அவளுடையது.

அன்றைக்கென்று பார்த்துக் கணித ஆசிரியை அவளைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார். இரண்டு தடவை அழித்து அழித்துக் கணக்கைப் போட்டாள். சரியாக வந்துவிட்டது. அப்படி ஒரு சந்தோஷத்தை எந்தப் படமும் அவளுக்குத் தந்ததில்லை.

பதிவேட்டைப் புரட்டிய ஆசிரியை, "உன் பேரே இதுல இல்லையேம்மா" என்றார். பாடம் மாற்றிக்கொள்ள வெள்ளிக்கிழமை வரை நேரம் இருப்பதாகவும், படிவத்தில் அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னார். அம்மாவிடம் போனால் அடுத்த நிமிஷம் அப்பாவுக்குத் தெரிந்துவிடும்.

கையெழுத்துக் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். கேட்காவிட்டால் ஒரு பாடமே போய்விடும். வியாழன் மாலை அழாக்குறையாக உட்கார்ந்திருந்த சின்னு, வழக்கம்போல் வந்து நின்ற மாடி வீட்டுப் பெண்ணிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். இனி அப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்றும் கேட்டாள்.

அந்தப் பெண் நோட்டை மூடிவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"அப்பாடா, இனிமே நான் வர வேணாம். நான் படிக்கிறது தையல் டிப்ளமோ. நீ என்ன பாடம் எடுத்தேன்னு அன்னிக்கே காலேஜ்லேருந்து உங்கப்பா போனுக்கு மெசேஜ் வந்துடுச்சு, அவர்தான் தினமும் ஏதோ புத்தகத்தைப் பார்த்துக் கணக்கு எழுதிக் குடுத்து என்னைக் கீழே அனுப்புறாரு."